மறக்காத நம்பர்

போன் அடித்தது.

காலை பத்து நாற்பது. பிரிசில்லா எடுக்கவில்லை. எதிரே முப்பது பிஎச்.டி. மாணவர்கள். பலகையில் அவள் பாதி எழுதிய வரி.

மறுபடி அடித்தது.

மூன்றாவது தடவை எடுத்தாள்.

"மேடம்... செர்வர் ரூமுக்குக் கொஞ்சம் வர்றீங்களா..." வாட்ச்மேன் பெருமாளின் குரல். "எழிலரசிப் பொண்ணு உள்ள விழுந்து கெடக்குது மேடம். அசைய மாட்டேங்குது."

கையிலிருந்த மார்க்கர் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடினாள்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அந்தப் பல்கலைக்கழகம். அதன் கீழ்த்தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். ஒன்று புள்ளியியல் உதவி மையம். மற்றது கணினி மையம். ஆராய்ச்சி என்று கிளம்பிய எந்தக் கொம்பனும் கடைசியில் இந்த இரண்டு கதவுகளைத் தட்டித்தான் ஆக வேண்டும். கணக்கு உதைத்தால் பிரிசில்லா. கம்ப்யூட்டர் உதைத்தால் ஹேமந்த்.

பிரிசில்லாவும் ஹேமந்தும் புருஷன் பெண்டாட்டி. காதல் கல்யாணம். எட்டு வருஷம்.

செர்வர் ரூம் வாசலில் தரையில் மண்டி போட்டிருந்தான் ஹேமந்த். எழிலரசியின் நெஞ்சை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் வேர்வை.

"ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு ப்ரிசி... சென்சார் கோளாறு... கேஸ் தொறந்துக்கிச்சு..."

நெருப்புப் பிடித்தால் அணைப்பதற்காக அந்த அறையில் வாயு வைத்திருந்தார்கள். அது திறந்தால் நெருப்பு உயிரை விடும். உள்ளே ஆள் இருந்தால் ஆளும்தான்.

எழிலரசிக்கு இருபத்தேழு வயது. கண்கள் திறந்திருந்தன. பிரிசில்லா அவற்றை மூடினாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்ற வெட்கமெல்லாம் போய்விட்டது. மூன்று வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பதினொரு மணிக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண். முதல் கட்டுரை ஏற்கப்பட்டபோது ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வந்து, "மேடம், பாதி மார்க் உங்களுக்கு" என்று வாயில் ஊட்டிய பெண்.

அன்றும் செவ்வாய்க்கிழமைதான்.

*

"உக்காருங்க மேடம். தண்ணி குடிங்க."

இன்ஸ்பெக்டர் லியாகத் அலிக்கு ஐம்பது வயது. கண்களில் தூக்கம். காதுகளில் தூக்கம் கிடையாது.

"அந்தப் பொண்ணு இன்னா ஆராய்ச்சி பண்ணுச்சு?"

"தோல் கம்பெனியில வேலை செய்றவங்க உடம்பு பத்தி சார். நானூத்திப் பன்னெண்டு பேர். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் ப்ரஷர் பாத்து, ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி... ஒண்டி ஆளா செஞ்சா."

"யார்கிட்டயாவது பேஜார் இருந்துதா?"

பிரிசில்லா தன் போனை நீட்டினாள். மையத்துக்கு வர வேண்டுமானால் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், துறை, என்ன உதவி. எழிலரசியின் படிவம் அன்று காலை ஒன்பது பன்னிரண்டுக்கு வந்திருந்தது. பிரிசில்லா அப்போது வகுப்பில் இருந்தாள். பிணத்தைப் பார்த்த பிறகுதான் படிவத்தைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

"'மேடம், செர்வர்ல இருக்கிறது என் டேட்டா இல்ல. யாரோ மாத்தியிருக்காங்க. ஒரிஜினல் நோட்டு என்கிட்ட இருக்கு. இப்போதைக்கு உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்றேன்.'"

அவர் நிமிர்ந்தார்.

"இத வேற யார் பாத்திருப்பாங்க?"

"யாரும் பாக்க முடியாது சார். எனக்கு மட்டும்தான் வரும்."

அந்த ஒரு பதிலை நினைத்துப் பின்னால் அவள் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொள்ளப் போகிறாள்!

"டேட்டாவ மாத்தினா யாருக்கு லாபம்?"

"அவளோட கைடு, புரொபசர் ரத்தினசாமி... கம்பெனிக்காரங்களோட ரொம்ப நெருக்கம் சார்."

இன்ஸ்பெக்டர் அன்று மாலையே விசாரித்தார். ரத்தினசாமி காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை ஆற்காட்டில் ஒரு கூட்டத்தில் இருந்திருக்கிறார். பார்த்தவர்கள் நாற்பது பேர். கணினி மையத்தின் அறிக்கை, சென்சார் கோளாறு என்றது. கையெழுத்து, ஹேமந்த்.

விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

*

வெள்ளிக்கிழமை.

கெங்கம்மாள் வந்தாள். எழிலரசியின் அம்மா. ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் ஓரம் வெட்டுகிற வேலை. அரை ஷிஃப்டுக்குப் பெர்மிஷன் போட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல் பஸ் பிடித்திருந்தாள்.

"உக்காருங்கம்மா."

உட்காரவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், நான் படிக்காதவ. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் பொண்ணு திருடியா?"

"யாரும்மா சொன்னது?"

"புரொபசர் ஐயா சொன்னாரு. உம் பொண்ணு கணக்க அவளே இஷ்டத்துக்கு எழுதிட்டா, மாட்டிக்குவோம்னு அழிக்கிறதுக்குத்தான் அந்த ரூமுக்குப் போனா, போன எடத்துல செத்தான்னு. காலேஜ்ல எல்லாரும் அப்பிடித்தான் பேசிக்கிறாங்களாம். அவ போனது போய்ட்டா... பேரும் போவணுமா மேடம்?"

பிரிசில்லா நோட்டைத் திறந்தாள். எழிலரசியின் குண்டு குண்டு எழுத்து. நூற்று எண்பத்தெட்டாவது வரியில் அவள் விரல் நின்றது. கெங்கம்மாள், வயது 49. ப்ரஷர் 170. பக்கத்தில் பென்சிலால், 'அம்மா, மாத்திரை வாங்கணும்.'

செர்வரில் இருந்த கோப்பில் அதே வரியைத் தேடினாள்.

கெங்கம்மாள், வயது 49. ப்ரஷர் 123.

பெற்ற தாயின் ப்ரஷரை மாற்றிவிட்டு மகளிடமே காட்டினால் அவளுக்குத் தெரியாமல் போகுமா!

"உங்க பொண்ணு திருடி இல்லம்மா," என்றாள் பிரிசில்லா. "அத ஊர் முழுக்கச் சொல்ல வைக்கிறது என் பொறுப்பு. மொதல்ல நீங்க டாக்டரப் பாருங்க."

மதியச் சாப்பாட்டை மறந்து ஒப்பிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டில் அறுபத்து மூன்று பேர் மாறியிருந்தார்கள். அறுபத்து மூன்று பேரும் ஒரே கம்பெனி. நோட்டில் நோயாளிகள். செர்வரில் பயில்வான்கள்.

'நோட்டே பொய், பொண்ணு வீட்டில் உட்கார்ந்து எழுதியது' என்று ரத்தினசாமி சொல்வார். சொல்லட்டும். பிரிசில்லாவின் கண்ணில் வேறொன்று பட்டுவிட்டது.

எழிலரசி கொண்டு போனது காற்றடித்துப் பார்க்கிற பழைய ப்ரஷர் மெஷின். அதில் முள்ளைப் பார்த்து எழுதுகிற எந்த மனிதக் கையும் எண்ணை முழுசாக்கிவிடும். 120, 130, 150. நோட்டு முழுக்க அப்படித்தான். செர்வரில் மற்ற முந்நூற்று நாற்பத்தொன்பது பேருக்கும் அப்படித்தான். இந்த அறுபத்து மூன்று பேருக்கு மட்டும் 123, 117, 131. மனிதர் எழுதியதில்லை. கம்ப்யூட்டர் துப்பியது.

அதிலும் ஒன்பது பேருக்குச் சரியாக 139.

பிரிசில்லா தன் பழைய வகுப்புக் கோப்பைத் திறந்தாள்.

அது அவளுடைய வரி. பயிற்சி வகுப்புக்காக அவளே எழுதிக் கொடுத்த நிரல். ஆரோக்கியமான கற்பனை மனிதர்களைக் கம்ப்யூட்டர் தயாரிக்கும். யாருக்காவது ப்ரஷர் 139-ஐத் தாண்டினால் 139-லேயே நிறுத்திவிடும். வகுப்புக்கு வந்த எல்லோரிடமும் அது இருந்தது. யாரோ அதை அப்படியே எடுத்து ஓட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் பிடித்துவிடலாம்!

கம்ப்யூட்டர் குத்துமதிப்பாக எண் கொடுக்கிறது என்பது பாதிதான் நிஜம். முதலில் அதற்கு ஒரு ஆரம்ப எண் கொடுக்க வேண்டும். 'சீடு' என்பார்கள். ஒரே சீடைக் கொடுத்தால் ஆயிரம் தடவை ஓட்டினாலும் அதே எண்கள், அதே வரிசை. ஒவ்வொரு வகுப்பிலும் பிரிசில்லா தொண்டை வறளச் சொல்வாள். "சீடு இல்லாம ஒரு வரி ஓட்டாதீங்க. உங்களுக்குன்னு ஒரு நம்பர் வெச்சுக்கோங்க. சாகற வரைக்கும் மறக்காத நம்பரா இருக்கட்டும்."

அந்த நம்பர் கிடைத்தால் ஆள் கிடைத்தான்.

*

"ஹேமந்த், உன் சென்டர் பெரிய மெஷின்ல எனக்கு ஒரு மணி நேரம் வேணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "எதுக்கு?"

சொன்னாள். அறுபத்து மூன்று பேர், 139, சீடு. எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாள்!

"மெஷின் சர்வீஸ்ல இருக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்."

"அந்த ரத்தினசாமிய நான் விட மாட்டேன்."

"விடு ப்ரிசி. செத்தவ திரும்பியா வரப் போறா?"

"அவ அம்மாவுக்கு இன்னா சொல்லட்டும்?"

"எதையும் சொல்லாத. சும்மா இரு."

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். அப்படித்தான் அவன் எப்போதும். துக்கம் என்று எதைச் சொன்னாலும் எழுந்து போகிறவன். நான்கு வருஷமாகப் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் பதினாலு.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே தேதியில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினொரு மணி நேரம் உயிரோடு இருந்தது. பெயர் வைக்கக்கூட நேரம் தரவில்லை. கல்லறையில் பெயர் இல்லாமல் தேதி மட்டும் பொறித்திருந்தார்கள்.

"நீயும் வர்றியா?" என்று கேட்டாள், கையில் பூவோடு.

"செர்வர் வேல இருக்கு."

போன வருஷமும் செர்வர் வேலை. அதற்கு முந்தின வருஷமும். அந்தத் தேதியை அவன் வாயால் சொல்லி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. சொட்டுக் கண்ணீர் பார்த்ததில்லை. மறந்துவிட்டான், பெற்றதையே மறந்துவிட்டான் என்று கல்லறைக் கல்லைத் துடைத்தபடி அவனைத் திட்டித் தீர்த்தாள்.

*

திங்கட்கிழமை காலை.

பெரிய மெஷின் கிடையாது. தன் மேஜைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். முதலில் எல்லோரும் போடுகிற சோம்பேறி நம்பர்கள். 1, 42, 12345. இல்லை. ரத்தினசாமியின் கார் நம்பர், போன் நம்பர். இல்லை.

மறக்காத நம்பர் என்றால் மனிதர்கள் எதைப் போடுவார்கள்? பிறந்த நாள், கல்யாண நாள். தேதிதான். 1950-லிருந்து இன்று வரைக்கும் எல்லாத் தேதிகளும் சேர்த்து இருபத்தேழாயிரத்துச் சில்லறை. அவ்வளவுதானா? பூ!

ஒவ்வொரு தேதியையும் சீடாகப் போட்டு, அறுபத்து மூன்று எண்ணும் வரிசையாகப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். ரத்தினசாமியின் பிறந்த நாள்தான் வரும். சந்தேகமே இல்லை.

திரும்பி வந்தபோது திரையில் ஒரே ஒரு வரி.

பொருத்தம் 63 / 63.

சீடு 14092021.

டீ கிளாஸை மேஜைமேல் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னொரு தடவை ஓட்டினாள். இன்னொரு தடவை. அது மாறவே மாறாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள் அவள்தானே.

பதினாலு, ஒன்பது, இரண்டாயிரத்து இருபத்தொன்று. உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் அந்தத் தேதி மறக்காத தேதி. ஒருத்தி அவள்.

அவன் மறக்கவில்லை!

பாவி மனசு முதலில் அதற்குத்தான் உருகியது. நான்கு வருஷமாகத் தனியாக அழவில்லை, அவனும் எங்கோ அழுதிருக்கிறான் என்று அரை நிமிஷம் சந்தோஷப்பட்டது. அப்புறம்தான் மற்றது உறைத்தது.

எழிலரசியின் படிவம். 'உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்றேன்.'

படிவத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், 'வர்ற ஸ்டூடன்ட்டுக்கு செர்வர்ல எடம் ஒதுக்கணும், ஒவ்வொரு படிவமும் உனக்கும் ஒரு காப்பி வரட்டும்' என்று புருஷனிடம் சொல்லி அந்த ஏற்பாட்டைச் செய்தது அவளேதான். செய்தாள். மறந்தாள்.

நகல், கணினி மையம், ஹேமந்த்.

அவளுக்கு மட்டும் என்று அந்தப் பெண் எழுதிய ரகசியம், அவள் படிக்கும் முன்னால் கொலைகாரனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அனுப்பி வைத்தது பிரிசில்லா போட்ட விதி.

வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் பேசினாள். ஒரு மணி நேரம் கழித்துத் தன் மையத்துக்கான படிவத்தைத் தானே திறந்து நிரப்பினாள்.

பெயர், பிரிசில்லா. என்ன உதவி? '14092021 போட்டா 63 பேரும் வர்றாங்க. அடுத்து இன்னா செய்யணும்?'

அனுப்பினாள்.

*

நாலே நிமிஷம். கதவு திறந்தது.

ஹேமந்த் உள்ளே வந்தான். கையில் லேப்டாப். உதடு காய்ந்திருந்தது.

"ப்ரிசி..."

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன் ஹேமந்த்."

அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். எழிலரசி உட்காருகிற நாற்காலி.

"நீதானே கிளாஸ்ல சொன்ன... மறக்காத நம்பரா வெச்சுக்கோங்கன்னு. எனக்கு வேற எந்த நம்பர் இருக்கு?"

"பொய் எழுதுறதுக்கா நம்ம பொண்ண இழுத்த?"

"சீடு இல்லாம ஓட்டக் கூடாதுன்னு கை பழகிப்போச்சு."

"எதுக்குடா செஞ்ச?"

"ஒம்போது வருஷம் கான்ட்ராக்ட் ப்ரிசி. அறுவத்தி மூணு வரி மாத்திக் குடு, பர்மனென்ட் ஆர்டர் வாங்கித் தர்றேன்னு ரத்தினசாமி சொன்னாரு. நம்பர்தானேன்னு மாத்திட்டேன்."

"நம்பர் இல்ல. நூத்தி எம்பத்தெட்டாவது நம்பர் கெங்கம்மாள். அந்தப் பொண்ணப் பெத்தவ."

அவன் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தான்.

"எழில எப்பிடி உள்ள கூட்டிட்டுப் போன?"

"நீ கிளாஸ்ல இருந்த. அவ வெளியில பெஞ்சுல உனக்காக உக்காந்திருந்தா. ஒன் ஃபார்ம் பாத்தேன், பேக்கப் எடுத்துத் தர்றேன் வான்னேன். தேங்க்ஸ் சார்னு சிரிச்சுக்கிட்டே வந்தா ப்ரிசி..." தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். "அவள உள்ள விட்டு, வெளியிலேர்ந்து கதவப் பூட்டிட்டு நோட்டக் கேட்டேன். வீட்ல இருக்கு, தர மாட்டேன்னா. போன எடுத்து உனக்கு அடிக்கப் போனா. வெளிய இருக்கிற கேஸ் சுவிட்ச..."

"அப்புறம் நெஞ்ச அழுத்தின."

"அது நடிப்பில்ல. சத்தியமா நடிப்பில்ல. பொழைச்சுக்கிடணும்னுதான் அழுத்தினேன்."

பிரிசில்லா அதையும் நம்பினாள். அவளுக்கு இன்னும் வலித்ததற்கு அதுதான் காரணம்.

ஹேமந்த் லேப்டாப்பைத் திறந்தான். கண்களைத் துடைத்துக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினான்.

"மன்னிச்சுடு. நீ ஓட்டினது, எழில் ஃபைல், படிவம் எல்லாம் அழிச்சிட்டேன். பேக்கப்பும் இல்ல. இப்ப உங்கிட்ட எதுவும் கெடையாது. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் ப்ரிசி... நமக்குன்னு வேற யாரு இருக்கா?"

அவள் அவனைப் பார்த்தாள். எட்டு வருஷமாகப் பார்த்த முகம்.

"எட்டு வருஷமா எங்கூட இருந்தும் பாடத்த ஒழுங்கா கேக்கலியே நீ. ரிசல்ட்ட அழிச்சா இன்னா? சீடு இருக்கு. எந்த ஊர்ல, எந்த கம்ப்யூட்டர்ல யாரு ஓட்டினாலும் அதே அறுவத்தி மூணு பேர்தான் வருவாங்க. அந்தத் தேதிய நீ எங்கிருந்து அழிப்ப? கல்லறைக் கல்லுலேர்ந்தா?"

ஹேமந்த் லேப்டாப்பை மூடினான்.

"இன்னொண்ணு. படிவத்தோட காப்பி உனக்கு மட்டும் போகாது. இன்னிக்குக் காலையில இன்னொரு பேரையும் சேத்திருக்கேன். எழில் ஃபைலோட காப்பியும் அங்க போயாச்சு."

அரைச் சுவர் உயரத்துக்கு நின்ற ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், மாணவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற பெஞ்சில், யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"டோக்கன் ஏழு," என்றபடி எழுந்து வந்தார் இன்ஸ்பெக்டர் லியாகத் அலி. ஒரு கையில் டோக்கன். மறு கையில் பதிவு செய்துகொண்டிருந்த போன். "ரொம்ப நேரம் காக்க வெச்சிட்டீங்க. எழுந்திரு தம்பி. புரொபசரக் கூட்டிட்டு வர இன்னொரு ஜீப் போயிருக்கு, ஸ்டேஷன்ல பேச்சுத் தொணைக்கு ஆவும்."

ஹேமந்த் எழுந்தான். கதவருகே நின்று திரும்பினான்.

"ப்ரிசி... அடுத்த வருஷம் பதினாலாம் தேதி... என் பேர்லயும் கொஞ்சம் பூ வெச்சிடு."

அவன் போன பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு கெங்கம்மாளுக்குப் போன் போட்டாள். பின்னால் கம்பெனி மெஷின்களின் இரைச்சல்.

"அம்மா... உங்க பொண்ணு ஒரு நம்பர் கூட மாத்தல. போலீஸ்ல எழுதியாச்சு."

"அது எனக்குத் தெரியும் மேடம். ஊருக்குத் தெரியணும்னுதான் கேட்டேன்," என்றாள் கெங்கம்மாள். "நீங்க ஏன் மேடம் அழுவுறீங்க?"

பிரிசில்லா போனை வைத்தாள்.

வாசல் வரைக்கும் போன இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஒரே ஒரு டவுட்டு மேடம். கோர்ட்டுல கேப்பாங்க. கம்ப்யூட்டர் குடுக்கிற நம்பர் குலுக்கல் மாதிரி, எது வேணா வரலாம்னு சொல்றாங்களே?"

"வரலாம் சார்," என்றாள் பிரிசில்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொண்ணு பொறந்த தேதியப் போட்டா மட்டும், அப்பா பேர்தான் வரும்."